முதுமையின் பெயரால் ஒரு வரிச்சலுகை: வீடு மாறும் முதியோரும் கலிஃபோர்னியாவின் சொத்து வரியும் (1978–2020)

கலிஃபோர்னியாவில் 55 வயதை எட்டிய ஒருவர் தம் வீட்டை விற்றுவிட்டு, அதே மாநிலத்தின் வேறொரு மூலையில் இன்னொரு வீடு வாங்கினால், பழைய வீட்டின் குறைந்த வரிமதிப்பைப் புதிய வீட்டுக்குத் தம்மோடு எடுத்துச் செல்லலாம். வாழ்நாளில் மூன்று முறை இதைச் செய்யலாம். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதி இது. அதே நாளில், அதே தெருவில், அதே விலைக்கு முதல் வீடு வாங்கும் 35 வயதுக்காரர் முழு விலைக்கும் வரி கட்டுவார். இரண்டு வீடுகளுக்கும் ஒரே தீயணைப்பு நிலையம், ஒரே பள்ளி, ஒரே சாலை. வரி மட்டும் வேறு.

சொத்து வரி என்பது சொத்தின் மீது விதிக்கப்படுவது என்றே பொதுநிதிப் பாடநூல்கள் சொல்கின்றன. அது ஒருவரின் வயதையும், அவர் முதன்முதலில் வீடு வாங்கிய ஆண்டையும் பின்தொடர்ந்து ஊர் ஊராகச் செல்லும் நிலை எவ்வாறு உருவானது? இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சொல்கிறது. என் வாதம் சுருக்கமானது. வீடு மாறும் முதியோருக்கான இச்சலுகை, வறிய முதியோருக்கான உதவியாகப் பிறக்கவில்லை. முதியோரைக் காப்பதாகச் சொல்லி வந்த முந்தைய சட்டம் ஒன்று அவர்களுக்கே இட்ட தளையைத் தளர்த்துவதற்காகப் பிறந்தது. தளை தளர்த்தப்பட்ட ஒவ்வொரு முறையும் சலுகை வீட்டை விட்டு விலகி ஆளோடும் குடும்பத்தோடும் ஒட்டிக்கொண்டது. அதன் செலவு, அந்த வாக்கெடுப்புகளில் பெயர்கூடச் சொல்லப்படாதவர்கள் மீது விழுந்தது.

நம் நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். இந்திய நகரங்களில் வீட்டுவரி பெரும்பாலும் ஆண்டு வாடகை மதிப்பையோ பரப்பளவையோ அடிப்படையாகக் கொண்டது. வீடு கைமாறியது என்பதற்காக மட்டும் வரி பன்மடங்காவதில்லை; வரித்தொகையும் குடும்பச் செலவில் பெரிதாகத் தெரிவதில்லை. அமெரிக்காவில் சொத்து வரியே உள்ளாட்சிகளின் முதுகெலும்பு. பள்ளி, காவல், தீயணைப்பு, நூலகம் என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது. ஆகவே அங்கே அந்த வரியைப் பற்றிய சண்டை, ஊர் எவ்வாறு நடக்க வேண்டும் என்பது பற்றிய சண்டையும் ஆகும்.

1. 1978க்கு முன்: எழுதப்படாத சலுகை

1960களின் நடுப்பகுதி வரை கலிஃபோர்னியாவில் சொத்துகளை மதிப்பிடும் பொறுப்பு ஒவ்வொரு கவுண்டியிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் இருந்தது. தேர்தலில் நிற்பவர் வாக்காளரின் வீட்டைச் சந்தை விலைக்கு மதிப்பிடுவாரா? வீடுகளுக்குக் குறைந்த விகிதத்திலும் கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கூடுதல் விகிதத்திலும் மதிப்புப் போடுவது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. நெடுநாள் கைமாறாத வீடுகளில் மதிப்பு பழைய நிலையிலேயே கிடக்கும். இவ்வழக்கத்தால் அதிகம் பயன்பெற்றவர்களில் முதிய வீட்டுக்காரர்களும் அடங்குவர்.

1965இல் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் வெளிப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டாளர் ரசல் வோல்டன், நிறுவனங்களின் மதிப்பைக் குறைப்பதற்குக் கையூட்டுப் பெற்ற வழக்கில் சிக்கித் தண்டனை பெற்றார். மாநிலச் சட்டமன்றம் 1966இல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. இனி எல்லாச் சொத்துகளையும் சந்தைமதிப்பின் 25 விழுக்காடு என ஒரே விகிதத்தில் மதிப்பிட வேண்டும். ஊழலை ஒழிக்க வந்த நேர்மையான சட்டம் இது. ஆனால் நேர்மையாக மதிப்பிட்டதும் கடைக்காரர்களின் வரி குறைந்து வீட்டுக்காரர்களின் வரி ஏறியது. பழைய ஊழல் மதிப்பீட்டாளரே தேவலை என்னும் பொருள்பட வண்டிகளில் வாசகம் ஒட்டிக்கொண்டார்கள் என்று அக்காலத்தைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன.

சமூகவியலாளர் ஐசக் மார்ட்டின் 2008இல் வெளிவந்த தம் நூலில் இந்த இடத்தைத்தான் வரிக் கிளர்ச்சியின் ஊற்றாகக் காண்கிறார். எழுதப்படாத சலுகை என்பதும் ஒருவகைச் சமூகப் பாதுகாப்பே. நவீனப்படுத்தும் அரசு அதைப் பறித்தபோது மக்கள் அதை எழுதப்பட்ட உரிமையாகத் திரும்பக் கேட்டார்கள் என்பது அவர் கருத்து. சந்தை விலை அமைதியாக இருந்திருந்தால் இது மெல்ல அடங்கியிருக்கலாம். 1970களில் கலிஃபோர்னியாவின் வீட்டு விலை தாவி ஏறியது. மதிப்பீடு விலையைத் துரத்தியது. உள்ளாட்சிகளோ வரிவிகிதத்தைப் போதுமான அளவு குறைக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு தம்பதியின் வருமானம் அப்படியே இருக்க, விற்கும் எண்ணமே இல்லாத அவர்கள் வீட்டின் விலை தாளில் ஏற, அந்தத் தாள் இலாபத்துக்குக் கையில் உள்ள காசில் வரி கட்ட வேண்டியிருந்தது. இத்துயரம் உண்மையானது. பின்னாளில் அதன் பெயரால் என்னென்ன செய்யப்பட்டன என்பதைப் பேசும்போதும் இதை மறக்கக் கூடாது.

வேறு வழிகளும் அப்போதே இருந்தன. விஸ்கான்சின் மாநிலம் 1964இலேயே முதியோருக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வருமானத்தோடு ஒப்பிடுகையில் சொத்து வரி ஓர் எல்லையைத் தாண்டினால் மிகையை மாநில அரசே ஈடுசெய்யும். கலிஃபோர்னியாவும் 1977இல் 62 வயதைக் கடந்த குறைந்த வருமானத்தாருக்கு வரி ஒத்திவைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வரியை அரசு கட்டிவிடும். வீடு விற்கப்படும்போது வட்டியோடு திரும்பப் பெறும். முதியவர் வீட்டை இழக்க மாட்டார், உள்ளாட்சியும் வருவாயை இழக்காது. இவ்விரு வழிகளும் தேவையை அளவுகோலாகக் கொண்டவை. ஓராண்டுக்குள் அரசியல் வேறு அளவுகோலைத் தேர்ந்துகொண்டது.

2. முன்மொழிவு 13: காலமே அளவுகோல்

1978 ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரவுடன் முன்மொழிவு 13 நிறைவேறி, மாநில அரசமைப்பில் இடம்பெற்றது. அதை முன்னெடுத்தவர்கள் ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் ஆகிய இருவர். ஜார்விஸ் லாஸ் ஏஞ்சலஸில் அடுக்குமாடி வாடகைக் கட்டட உரிமையாளர்களின் சங்கத்துக்காகப் பணியாற்றியவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மதிப்பீட்டாளர் அலெக்சாண்டர் போப் புதிய மதிப்பீடுகளை முன்கூட்டியே வெளியிட, ஏற்றத்தைக் கண்ட வீட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மாநிலக் கருவூலத்தில் ஏறத்தாழ 500 கோடி டாலர் உபரி இருந்ததும் கோபத்துக்கு நெய் வார்த்தது.

திருத்தத்தின் உள்ளடக்கம் எளியது. அதுவரை சராசரியாகச் சுமார் 2.67 விழுக்காடாக இருந்த வரிவிகிதம் 1 விழுக்காட்டோடு நிறுத்தப்பட்டது. சொத்துகளின் வரிமதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்தள்ளப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் அது ஏறக் கூடாது. சொத்து கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டும் சந்தைமதிப்பில் மறுமதிப்பீடு நடக்கும்.

இந்தக் கடைசி விதிதான் நம் கதையின் நடுநாயகம். அதுவரை வரியின் அடிப்படை, வீட்டின் இன்றைய மதிப்பு. இனி அதன் அடிப்படை, உரிமையாளர் அதை வாங்கிய நாளின் மதிப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் ஆமடார் பள்ளத்தாக்கு வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஒருவர் தாமே மனமொப்பிக் கொடுத்த விலைக்கு வரி கட்டுகிறார். கைக்கு வராத இலாபத்துக்குக் கட்டவில்லை என்பது அதன் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தர்க்கத்தில் வயதும் இல்லை, வருமானமும் இல்லை, தேவையும் இல்லை. முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற வேறுபாடு மட்டுமே இருந்தது. ஓய்வூதியம் பெறும் மூதாட்டிக்குக் கிடைத்த அதே காப்பு எண்ணெய்க் கம்பெனிக்கும் வணிக வளாகத்துக்கும் கிடைத்தது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது. அந்தச் சேமிப்பின் பெரும்பங்கு சொந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்குப் போகவில்லை, வணிக, தொழில், வாடகைச் சொத்துகளின் உரிமையாளர்களுக்கே போனது.

வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று பிரச்சாரத்தின்போது வாடகைக் குடியினருக்குச் சொல்லப்பட்டது. பெரும்பாலும் குறையவில்லை. சாண்டா மோனிகாவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் 1979இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்ததற்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணம். வாடகைக் குடியினரில் முதியோர் இல்லையா? இருந்தார்கள். முன்மொழிவு 13 அவர்களை முதியோராக எண்ணவில்லை.

3. காப்பு தளையாதல்

புதிய ஏற்பாட்டின் உள்முரண் வெளிப்பட நெடுங்காலம் ஆகவில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 1975இல் ஒரு வீட்டின் மதிப்பு 40,000 டாலர். ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறினால் 1986இல் வரிமதிப்பு ஏறத்தாழ 50,000 டாலர். வரி 500 டாலர். இதற்குள் வீட்டின் சந்தைமதிப்பு 2,00,000 டாலர் ஆகிவிட்டது என்று கொள்வோம். பிள்ளைகள் பிரிந்து போய்விட்டார்கள், கணவர் இறந்துவிட்டார், மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்த அம்மையார் பெரிய வீட்டை விற்று 1,50,000 டாலருக்குச் சிறிய வீடு ஒன்று வாங்கினால் அவருடைய வரி 1,500 டாலர். வீடு சிறிதாக, வரி மும்மடங்காகிறது.

வரியின் பொருட்டு யாரும் வீட்டை விட்டு வெளியேற நேரக் கூடாது என்பது 1978இன் முழக்கம். எட்டே ஆண்டுகளில் வரியின் பொருட்டு யாரும் வீட்டை விட்டு வெளியேற முடியாத நிலை வந்தது. பொருளியலாளர்கள் இதைப் பூட்டு விளைவு என்பார்கள். முதியோர் மட்டும் இதில் சிக்கவில்லை. வேலை மாறியவர், மணமுறிவு பெற்றவர், குழந்தை பிறந்து இடம் போதாமல் தவித்தவர் எனக் குறைந்த வரிமதிப்பில் இருந்த எல்லோரும் சிக்கினார்கள். தளையைத் தளர்த்தும் சட்டம் வந்தபோது அது முதியோருக்கே முதலில் வந்தது. முதுமை, யாரும் எதிர்த்து வாக்களிக்கத் தயங்கும் தகுதி.

4. 1986–1990: சலுகை கால் முளைத்து நடக்கிறது

ஜார்விஸ் 1986 ஆகஸ்டில் காலமானார். அவ்வாண்டு நவம்பர் வாக்கெடுப்பில் சட்டமன்றம் அனுப்பிய இரண்டு திருத்தங்கள் நிறைவேறின. முன்மொழிவு 60இன்படி 55 வயதை எட்டியவர்கள், ஒரே கவுண்டிக்குள், சம விலையிலோ குறைந்த விலையிலோ, இரண்டாண்டுக்குள் மாற்று வீடு வாங்கினால் பழைய வரிமதிப்பை எடுத்துச் செல்லலாம். பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை. முன்மொழிவு 58இன்படி பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும் வீட்டுக்கும், அதற்கு மேல் 10 லட்சம் டாலர் வரிமதிப்புள்ள பிற சொத்துகளுக்கும் மறுமதிப்பீடு கிடையாது.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, சலுகையை வீட்டிலிருந்து பிரித்து ஆளோடு கட்டியது. இரண்டாவது, ஆள் மறைந்த பின்னும் சலுகை மறையாதபடி மரபுரிமையாக்கியது. மூதாட்டி குடிபெயரலாம், குடிபெயராமலே இறந்தாலும் அவருடைய 1975ஆம் ஆண்டு வரிமதிப்பு மகனுக்குப் போகும். மகன் அந்த வீட்டில் வாழ வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை, வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம்.

அடுத்த படி 1988. முன்மொழிவு 90, இச்சலுகையைக் கவுண்டி எல்லைக்கு அப்பாலும் கொண்டுபோக வழிசெய்தது. ஆனால் குடியேறிவரும் முதியவரின் பழைய வரிமதிப்பை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்தக் கவுண்டியின் விருப்பத்துக்கு விட்டது. அதன்பின் நடந்தது கூர்ந்து நோக்கத்தக்கது. மொத்தமுள்ள 58 கவுண்டிகளில் முப்பதாண்டு கழித்தும் ஏறத்தாழ பத்துதான் கதவைத் திறந்து வைத்திருந்தன. சேர்ந்துவிட்டுப் பின்னர் விலகியவையும் உண்டு. வாக்குச்சாவடியில் முதியோருக்கு மனமிரங்கிய மாநிலம், கவுண்டிக் கணக்கேட்டின் முன் தயங்கியது. காரணம் எளிது. வருகிற முதியவருக்கும் மருத்துவ ஊர்தி தேவை, சாலை தேவை. அவர் கட்டுவதோ இன்னோர் ஊரின் 1975ஆம் ஆண்டு வரி. சலுகையின் செலவு எங்கே விழுகிறது என்பதை இந்தத் தயக்கத்தைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் காட்டவில்லை.

1990இல் கடும் உடற்குறை உள்ளவர்களுக்கும் இதே உரிமை விரிந்தது. 1996இல் பேரப்பிள்ளைகளுக்குச் செல்லும் சொத்துக்கும் விலக்கு வந்தது. இடைத்தலைமுறையினர் இறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

5. நார்ட்லிங்கர் வழக்கு, 1992

லாஸ் ஏஞ்சலஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்னும் வழக்கறிஞர் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். அதற்கு முன் அவர் வாடகை வீட்டில் இருந்தவர். 1975 முதல் அங்கேயே இருந்த அண்டை வீட்டுக்காரர்கள் சிலர் கட்டிய வரியைப் போல ஐந்து மடங்கு அவருக்கு வந்தது. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறுமானமுள்ள மாளிகையின் பழைய உரிமையாளர் கட்டிய வரியும், தம் எளிய வீட்டுக்கு இவர் கட்டிய வரியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அமெரிக்க அரசமைப்பின் உறுதிமொழி மீறப்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தார்.

1992 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிளாக்மன், அக்கம்பக்கத்தின் நிலைபேற்றைக் காக்க அரசு விரும்பலாம் என்றார். வாங்கும்போதே தம் வரி எவ்வளவு என்று அறிந்து வாங்குபவருக்கும், ஏற்கெனவே உரிமையாளராக இருந்து எதிர்பாராத ஏற்றத்துக்கு ஆளாகிறவருக்கும் வேறுபாடு உண்டு என்றும் கூறினார். மூத்தோர் மாற்று வீட்டுக்கான சலுகையையும் நீதிமன்றம் தொட்டுச் சென்றது. குடும்பத்தின் அளவும் வருமானமும் மாறும்போது அதற்கேற்ற வீட்டுக்கு மூத்தோர் செல்வதைத் தடுக்கக் கூடாது என்று மக்கள் கருதியிருக்கலாம். அது பகுத்தறிவுக்கு முரணன்று என்பது அதன் கருத்து.

இங்கே ஓர் இடறல் உண்டு. ஒருபுறம், மக்கள் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது, ஆகவே அவர்களுக்கு வரி குறைவு. மறுபுறம், மூத்தோர் இடம்பெயர்வது நல்லது, ஆகவே அவர்களுக்கும் வரி குறைவு. இரண்டு நோக்கங்களையும் ஒரே தீர்ப்பு ஏற்கிறது. இருந்தாலும் சலுகை, போனாலும் சலுகை என்றால் எஞ்சுவது ஒன்றே: முன்னால் வாங்கியவர் என்ற தகுதி. தனித்து மாறுபட்ட நீதியரசர் ஸ்டீவன்ஸ் இதைக் கண்டுகொண்டார். பிள்ளைகளுக்கான விலக்கை அவர் இடைக்காலத் தன்மை கொண்ட சிறப்புரிமை என்றே சாடினார். ஒத்த தேவையும் ஒத்த வசதியும் உள்ள இரு குடும்பங்கள் பிறப்புவழியால் மட்டும் வேறாக நடத்தப்படுகின்றன என்பது அவர் வாதம்.

6. எண்கள் சொல்வது

பூட்டு விளைவு கற்பனையா, மெய்யா? நடா வாசி, மிஷெல் வைட் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 1970க்கும் 2000க்கும் இடையே கலிஃபோர்னிய வீட்டுக்காரர்கள் ஒரே வீட்டில் தங்கும் சராசரிக் காலம், ஒப்பீட்டு மாநிலங்களை நோக்க, ஏறத்தாழ ஓராண்டு நீண்டது என்று காட்டியது. விலை மிக ஏறிய கடலோர நகரங்களில் விளைவு இன்னும் பெரிது. ஃபெர்னாண்டோ ஃபெரெய்ரா 2010இல் வெளியிட்ட ஆய்வு வயதெல்லையையே கருவியாக்கியது. 54 வயதினருக்கும் 55 வயதினருக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் 1990ஆம் ஆண்டுத் தரவில் 55 வயது வீட்டுக்காரர்கள் வீடு மாறிய விகிதம் 54 வயதினரைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல். பூட்டும் மெய், சாவியும் மெய் என்று இதற்குப் பொருள்.

ஆனால் இதே எண்ணுக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு. சாவி 55 வயதினருக்கு மட்டும் கொடுக்கப்பட்டதால், 54 வயதினர் ஓராண்டு காத்திருந்திருக்கலாம். சலுகை சில இடப்பெயர்வுகளைப் புதிதாக உருவாக்கியது, சிலவற்றைத் தள்ளிப்போட்டது, எப்படியும் நடந்திருக்கக்கூடிய சிலவற்றுக்குப் பரிசளித்தது. இந்த மூன்றாம் வகையின் அளவு 2018இல் வெளிப்பட்டது. மாநிலச் சட்டமன்றப் பகுப்பாய்வு அலுவலகத்தின் கணக்குப்படி, அப்போதைய விதிகளில் எந்தச் சலுகையும் பெறாமலே ஆண்டுக்கு ஏறத்தாழ 85,000 மூத்த வீட்டுக்காரர்கள் வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். சலுகையை விரித்தால் முதலில் பயன்பெறுவோர் அவர்களே.

7. 2018, 2020: இரண்டு வாக்கெடுப்புகள்

2018 நவம்பரில் முன்மொழிவு 5 வந்தது. முன்னெடுத்தது வீட்டுத்தரகர்களின் மாநிலச் சங்கம். 55 வயதினர் மாநிலத்தில் எங்கும், எந்த விலைக்கும், எத்தனை முறையும் வரிமதிப்பைக் கொண்டுபோகலாம் என்றது. வீடு எத்தனை முறை கைமாறினாலும் தரகருக்குக் கூலி உண்டு என்பதை வாக்காளர்கள் அறியாதவர்கள் அல்லர். தொடக்கத்தில் பள்ளிகளுக்கும் பிற உள்ளாட்சிகளுக்கும் தனித்தனியே ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேலும், காலப்போக்கில் தனித்தனியே 100 கோடி டாலர் அளவுக்கும் இழப்பு நேரும் என்று பகுப்பாய்வு அலுவலகம் மதிப்பிட்டது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தனர்.

இரண்டாண்டு கழித்து அதே கோரிக்கை வேறு துணையோடு வந்தது. இடையில் மரபுரிமை விலக்கின் மீது மக்கள் கண் விழுந்திருந்தது. ஆண்டுக்கு 60,000 முதல் 80,000 வரையிலான மரபுரிமைச் சொத்துகள் மறுமதிப்பீட்டிலிருந்து தப்புவதாகவும், இதனால் ஆண்டுக்கு 150 கோடி டாலர் அளவுக்கு வருவாய் போவதாகவும் பகுப்பாய்வு அலுவலகம் 2017இல் எழுதியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அவ்வாறு பெறப்பட்ட வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை வாடகைக்கோ இரண்டாம் வீடாகவோ பயன்பட்டதை நாளேடு ஒன்று 2018இல் வெளிக்கொணர்ந்தது. வீட்டுத்தரகர் சங்கம் தீயணைப்பு வீரர்களின் சங்கத்தோடு கைகோத்தது. மரபுரிமை விலக்கைச் சுருக்கிக் கிடைக்கும் பணத்தின் பெரும்பகுதி காட்டுத்தீயை எதிர்கொள்ளும் நிதிக்கு என்று பேசப்பட்டது. 2020 நவம்பரில் முன்மொழிவு 19 சுமார் 51 விழுக்காட்டு ஆதரவுடன் நூலிழையில் வென்றது.

இன்றைய விதி அதுவே. 55 வயதினர், கடும் உடற்குறை உள்ளோர், காட்டுத்தீயிலோ இயற்கைச் சீற்றத்திலோ வீடிழந்தோர் ஆகியோர் 58 கவுண்டிகளில் எங்கும் வரிமதிப்பைக் கொண்டுபோகலாம். கூடுதல் விலைக்கு வாங்கினாலும் வேறுபாடு மட்டுமே சேரும். நுணுக்கங்களை ஒதுக்கிச் சொன்னால், 2 லட்சம் டாலர் வரிமதிப்புள்ள வீட்டை 10 லட்சத்துக்கு விற்று 12 லட்சத்துக்கு வேறு வீடு வாங்குபவரின் புதிய வரிமதிப்பு 4 லட்சம். மறுபுறம், பிள்ளைகள் பெற்றோரின் வீட்டில் தாமே குடியிருந்தால்தான் விலக்கு. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வணிகச் சொத்துகளைச் சந்தைமதிப்புக்குக் கொண்டுவர அதே நாளில் கேட்ட முன்மொழிவு 15 தோற்றது.

முன்மொழிவு 19ஐ ஒரே சொல்லில் நல்லது என்றோ கெட்டது என்றோ முடித்துவிட இயலாது. வாடகை வருவாய்க்கு வைத்திருந்த மரபுரிமை மாளிகையின் சலுகையை அது வெட்டியது, இது நியாயம். ஆனால் வெட்டி எடுத்ததன் ஒரு பகுதியை மீண்டும் ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்கே கொடுத்தது. கவுண்டிகள் முப்பதாண்டு மறுத்துவந்ததை மாநிலம் கட்டாயமாக்கியது. பாதி மனத்தோடு ஒரு கணக்கு நேர் செய்யப்பட்டது எனலாம்.

8. கணக்கில் வராதவர்கள்

இந்த வரலாற்றில் தொடர்ந்து வரும் சொல் ‘முதியோர்’. ஆனால் எந்தக் கட்டத்திலும் சலுகை எல்லா முதியோருக்கும் போகவில்லை. வாழ்நாள் முழுதும் வாடகைக்கு இருந்த 70 வயதினருக்கு எடுத்துச் செல்ல வரிமதிப்பு இல்லை. வீட்டை இழந்து மீண்டும் வாங்க முடியாதவருக்கும் இல்லை. ஐம்பதாம் வயதில் நாடு பெயர்ந்து வந்து முதல் வீடு வாங்கியவருக்கு இருப்பது அற்பம். யாருடைய வீட்டின் விலை அதிகம் ஏறியதோ, யார் அதிக காலம் வைத்திருந்தாரோ, அவருக்கே பெரிய சலுகை. உதவி தேவைக்கு எதிர்த்திசையில் பாய்ந்தது.

இன அடிப்படையில் வீடு வாங்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட காலத்தை நினைத்தால் இது இன்னும் கூர்மையாகிறது. 1963இல் கலிஃபோர்னியச் சட்டமன்றம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடைசெய்தது. 1964இல் வாக்காளர்கள் முன்மொழிவு 14 மூலம் அத்தடையைச் செல்லாததாக்கினார்கள். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முன்மொழிவை வீழ்த்தியது. 1975இல் யாரிடம் எந்தப் பகுதியில் வீடு இருந்தது என்பதை இந்தப் பின்னணி தீர்மானித்தது. அந்த 1975தான் வரியின் தொடக்க ஆண்டாக அரசமைப்பில் உறைந்தது. முன்னால் வந்தவர் என்ற தகுதி, முன்னால் வர அனுமதிக்கப்பட்டவர் என்ற தகுதியும் ஆகும்.

1977இன் வரி ஒத்திவைப்புத் திட்டம் என்ன ஆயிற்று? 2009இல் மாநிலத்தின் நிதி நெருக்கடியில் நிறுத்தப்பட்டது. 2016இல் மீண்டும் உயிர்பெற்றது. இன்றும் சிறிய அளவில் நடக்கிறது. வருமானத்தைப் பார்த்து, தேவைப்படுபவருக்கு மட்டும், திரும்பப் பெறும் வகையில் உதவிய ஏற்பாடு இடர்க்காலத்தில் முதலில் வெட்டப்பட்டது. தேவையே பார்க்காத ஏற்பாடு அரசமைப்பில் அமர்ந்திருந்ததால் யாரும் தொடவில்லை. சமூகக் கொள்கை வரலாறு பயில்வோர் இந்த இணையை மனத்தில் வைக்கலாம். ஓர் உதவி நிலைப்பது அதன் நியாயத்தால் மட்டும் அன்று. அது எந்த ஏட்டில் எழுதப்பட்டது, அதைக் காக்கும் வாக்குகள் எத்தனை என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு முறையியல் பாடமும் உண்டு என்று கருதுகிறேன். ஒரு வரிச்சலுகையை அதன் பயனாளியின் பெயரை வைத்து வகைப்படுத்தக் கூடாது. முதியோர் சலுகை, உழவர் சலுகை என்ற தலைப்புகள் சட்டம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த முந்தைய சட்டத்தின் விளைவைச் சரிசெய்ய இது வந்தது? சலுகை எதனோடு கட்டப்பட்டிருக்கிறது: பொருளோடா, ஆளோடா, குடும்பத்தோடா? விட்டுக்கொடுத்த வருவாயை யார் ஈடுசெய்கிறார்கள்? கலிஃபோர்னியாவில் மூன்றாம் கேள்விக்கான விடை நாற்பதாண்டுகளாக மாறவில்லை: இனிமேல் வருகிறவர்கள். அவர்களுள் பலர் வாக்கெடுப்பு நடந்த நாளில் அங்கே குடியிருக்கவில்லை. சிலர் பிறந்திருக்கவே இல்லை.

மாடிப்படி ஏற முடியாத அந்த அம்மையாருக்குச் சிறிய வீடு கிடைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இருக்க முடியாது. அவருடைய வரியை ஒத்திவைத்தும் அதைச் செய்திருக்கலாம். வருமானத்துக்கேற்ப ஈடுசெய்தும் செய்திருக்கலாம். அவ்விரு வழிகளும் 1978க்கு முன்பே கையில் இருந்தன.